எடுப்பது மட்டும்தானா கழித்தல்?

ஏழு பொத்தான்களை ஒரு குழந்தையின் முன் வரிசையாக வைத்து, அவற்றில் மூன்றை எடுத்துக் கைக்குள் மறைத்துக்கொண்டு, "இப்போது எத்தனை இருக்கிறது?" என்று கேட்டால், எண்ணத் தெரிந்த ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் சிரமமில்லாமல் நான்கு என்று சொல்லிவிடும். அதே குழந்தையின் முன் ஏழு பொத்தான்களை மேல் வரிசையிலும் மூன்று பொத்தான்களைக் கீழ் வரிசையிலும் வைத்து, "கீழே இருப்பதைவிட மேலே எத்தனை அதிகம்?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அது "ஏழு" என்று சொல்லக்கூடும்.

தாளில் எழுதினால் இரண்டும் 7 − 3 = 4 என்ற ஒரே வரிதான். அந்த வரி நமக்குப் பழகிப்போய்விட்டதால் இரண்டு கேள்விகளும் ஒன்றாகவே தெரிகின்றன. குழந்தையின் கண்ணில் முதல் கேள்வியில் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. பொத்தான்கள் இருந்தன, சில போயின, மீதி எதிரே கிடக்கிறது. இரண்டாவதில் யாரும் எதையும் எடுக்கவில்லை; எனவே 'நான்கு' என்ற விடை எங்கே இருக்கிறது என்பதே அதற்குப் புலப்படுவதில்லை. கழித்தலில் தடுமாறும் குழந்தைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே கவனக்குறைவு என்றும் பயிற்சி போதவில்லை என்றும் சொல்லிவிடுகிறோம். என் பார்வையில் அந்தத் தடுமாற்றங்களில் பெரும்பாலானவற்றின் வேர் நம் கற்பித்தலில் இருக்கிறது. கழித்தல் என்றால் எடுத்துவிடுவது என்ற ஒரே பொருளைக் கொடுத்துவிட்டு, ஒரு முழுத்தொகைக்கும் அதன் பகுதிகளுக்கும் உள்ள உறவாக அதைக் காட்டாமலேயே குறிகளுக்கும் எழுதும் முறைக்கும் தாவிவிடுகிறோம்.

அளவு குறைவதை உணரும் திறன் பள்ளியில் தொடங்குவதன்று. 1992-இல் உளவியலாளர் கேரன் வின் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதக் குழந்தைகளின் முன் இரண்டு பொம்மைகள் வைக்கப்பட்டு, ஒரு திரையால் மறைக்கப்பட்டன. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை திரைக்குப் பின்னே சென்று ஒரு பொம்மையை எடுத்து வந்தது. திரை விலகியபோது ஒரே பொம்மை இருந்ததைவிட, இருக்கக்கூடாத வகையில் இரண்டு பொம்மைகள் இருந்ததைக் குழந்தைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தன. இது எண்ணறிவா, பொருள்களைப் பின்தொடரும் கவனம் மட்டும்தானா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்றும் உண்டு. ஒன்றை எடுத்தால் குறையும் என்ற எதிர்பார்ப்பு பேச்சு வருவதற்கு முன்பே இருக்கிறது என்ற அளவில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து 'எட்டில் மூன்று போனால் ஐந்து' என்ற வாக்கியம் வரை நீண்ட பாதை இருக்கிறது. அதில் முதற்படி எண்ணுதல். பத்து வரை ஒப்பிக்கத் தெரிவதும் எண்ணத் தெரிவதும் ஒன்றாகா. எண்ணுதலின் அடிப்படை நெறிகளை 1978-இல் வகுத்துக்காட்டிய ரோஷல் கெல்மனும் சி. ஆர். காலிஸ்டலும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத் தொகையின் பெயர் என்று அறிவதை அந்நெறிகளுள் ஒன்றாக வைத்தார்கள். ஆறு கூழாங்கற்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி முடித்த குழந்தையிடம் "அப்படியானால் எத்தனை?" என்று கேளுங்கள். அது மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், 'ஆறு' என்பது அதற்கு இன்னும் கடைசிக் கல்லின் பெயர்தான். அந்த நிலையில் கழித்தலுக்குள் இறங்காமல் சில வாரங்கள் எண்ணுவதிலேயே செலவிடுவது வீண் அன்று.

முன்னோக்கி எண்ணுவது குழந்தைக்குப் பாட்டைப்போல் வந்துவிடும். பின்னோக்கி எண்ணுவது அப்படி வராது. எட்டுக்கு முன்னால் என்ன எண் என்று கேட்டால், பல குழந்தைகள் மனத்துக்குள் ஒன்றிலிருந்து தொடங்கி எட்டுவரை வந்து பிறகுதான் ஏழு என்று சொல்கிறார்கள். பத்துகளின் எல்லையைத் தாண்டும் இடங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். முப்பத்தொன்று, முப்பது என்று இறங்கி வந்த குழந்தை அடுத்து 'இருபது' என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடப்பது. தமிழ் எண்ணுப்பெயர்கள் இங்கே பெரும்பாலும் உதவுகின்றன. பதின்மூன்று என்ற சொல்லிலேயே பத்தும் மூன்றும் காதில் விழுவதால், பதின்மூன்றில் மூன்று போனால் பத்து என்பது பெயரிலேயே கிடைத்துவிடுகிறது. தொண்ணூறு மட்டும் தன் பெயருக்குள் நூறு என்ற ஒலியை வைத்திருப்பதால் குழந்தையைக் குழப்பும். தொண்ணூறிலிருந்து எண்பத்தொன்பதுக்கு இறங்கும் படியைத் தனியாகப் பலமுறை சொல்லிப் பழக்க வேண்டியிருக்கிறது.

பின்னோக்கி எண்ணத் தெரிந்த பிறகும் ஒரு பிழை விடாப்பிடியாக வரும். 9 − 3 என்ற கணக்கைக் கொடுத்தால், குழந்தை மூன்று விரல்களை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு விரலையும் மடக்கியபடி "ஒன்பது, எட்டு, ஏழு" என்று சொல்லி, விடை ஏழு என்று முடிக்கும். விரல்கள் சரியாகத்தான் மடங்கின, எண்களும் சரியான வரிசையில்தான் வந்தன, ஒன்றுதான் கூடிவிட்டது. உண்மையில் குழந்தை செய்தது ஒன்பதாவது, எட்டாவது, ஏழாவது பொருள்களை எடுத்துவிட்டது. அந்த மூன்றும் போன பிறகு மீதி ஆறு. எடுக்கப்பட்ட கடைசிப் பொருளின் பெயரை மீதியின் பெயராக அது எடுத்துக்கொண்டது. இதைத் திருத்த, தரையில் கட்டங்கள் வரைந்து எண்களை எழுதி, ஒன்பதில் குழந்தையை நிற்கவைத்து, மூன்று தடவை பின்னால் குதிக்கச் சொல்வது நல்ல வழி. குதிப்புகளைத்தான் எண்ண வேண்டும், நிற்கும் கட்டத்தை எண்ணக்கூடாது என்பதை உடம்பு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. எண்கோட்டை நோட்டில் வரைந்து காட்டுவது அதற்குப் பிறகு வரட்டும்.

கணக்கைப் படித்துக்காட்டும் சொற்களிலும் கவனம் வேண்டும். 8 − 3 என்பதை "எட்டு கழித்தல் மூன்று" என்று படித்தால், எதிலிருந்து எது போகிறது என்பது அந்தச் சொல்லடுக்கில் இல்லை. குழந்தை இரண்டு எண்களையும் ஒரு குறியையும் மட்டுமே கேட்கிறது. "எட்டில் மூன்று போக" என்று படித்தால், 'இல்' என்ற ஓர் உருபு முழுத்தொகையையும் பகுதியையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. 3 − 8, 8 − 3 இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கும் குழந்தைக்கு, "மூன்றில் எட்டு போக" என்று வாய்விட்டுச் சொல்லும்போதே ஏதோ இடிக்கிறது என்று தோன்றும். கூட்டலில் எண்களை இடம் மாற்றினால் விடை மாறாது என்று அண்மையில்தான் கற்றிருக்கும் குழந்தைக்கு இந்த வேறுபாட்டைக் காதால் உணர்த்துவது எளிது.

இனி பொருளுக்கு வருவோம். கழித்தலுக்குள் குறைந்தது மூன்று வகைக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இருந்ததில் சில போக மீதி எவ்வளவு என்பது ஒன்று. இருப்பது ஐந்து, வேண்டுவது எட்டு என்றால் இன்னும் எத்தனை சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டு தொகைகளுக்கு இடையே வித்தியாசம் எவ்வளவு என்பது மூன்றாவது. தாமஸ் கார்ப்பெண்டரும் ஜேம்ஸ் மோசரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1984-இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் குழந்தைகள் இந்தக் கேள்விகளை ஒரே கணக்காகப் பார்ப்பதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டியது. கதையில் என்ன நடக்கிறதோ அதையே அவர்கள் கையால் நடத்திப் பார்க்கிறார்கள். போகிற கதையில் பிரித்தெடுக்கிறார்கள். சேர்க்கிற கதையில் மேலும் வைத்துக்கொண்டே போய் வைத்தவற்றை எண்ணுகிறார்கள். ஒப்பிடுகிற கதையில் ஒன்றுக்கொன்று இணை வைத்து, இணையில்லாமல் நிற்பவற்றை எண்ணுகிறார்கள். பெரியவர் சொல்லிக்கொடுக்கும் முன்பே இவ்வளவும் நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஒப்பிடுதல்தான் இவற்றுள் கடினமானது. அந்தக் கடினத்தில் எவ்வளவு எண் சார்ந்தது, எவ்வளவு சொல் சார்ந்தது என்பதைச் சோதித்துப் பார்த்தவர் டாம் ஹட்சன். 1983-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், சில பறவைகளும் அவற்றைவிடக் குறைவான புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 64 சதவீதத்தினரே சரியாகச் சொன்னார்கள். அதே படத்தைக் காட்டி, பறவைகள் எல்லாம் பறந்து வந்து ஆளுக்கொரு புழுவைப் பிடிக்கப் பார்த்தால் எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது என்று கேட்டபோது எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். எண்கள் மாறவில்லை, படமும் மாறவில்லை. 'எத்தனை அதிகம்' என்ற தொடர் குழந்தையிடம் ஒரு செயலைக் கோரவில்லை. 'எத்தனை பறவைக்குக் கிடைக்காது' என்பது கோரியது. வித்தியாசம் என்ற சொல்லைக் கற்பிக்க விரும்பும் பெற்றோர் இந்த வழியிலேயே போகலாம்: ஏழு மூடிகளையும் நான்கு குப்பிகளையும் கொடுத்து மூடி வைக்கச் சொல்லி, குப்பி கிடைக்காத மூடிகளை எண்ணவைத்து, பிறகு "இதைத்தான் மூடி மூன்று அதிகம் என்று சொல்கிறோம்" என்று பெயர் வைக்கலாம். செயல் முதலில், பெயர் பிறகு.

மூன்று வகைக் கேள்விகளையும் அறிமுகப்படுத்தியதோடு நின்றால், குழந்தையிடம் மூன்று தனித்தனிப் பழக்கங்கள்தான் இருக்கும். அவற்றை ஒன்றாகக் கட்டுவது முழுமை, பகுதி என்ற பார்வை. இதற்கு நான் கண்டவற்றுள் மிகவும் பயன்தருவது ஒரு கோப்பையும் சில கூழாங்கற்களும் மட்டுமே வேண்டிய விளையாட்டு. ஆறு வயதுப் பெண் ஒருத்தியோடு இதை விளையாடியது நன்றாக நினைவிருக்கிறது. எட்டுக் கற்களை எண்ணி வைத்தோம். அவள் கண்ணை மூடிக்கொள்ள, சில கற்களைக் கோப்பையால் கவிழ்த்து மூடினேன். கண்ணைத் திறந்தபோது வெளியே ஐந்து கற்கள் இருந்தன. உள்ளே எத்தனை என்று கேட்டதும் கோப்பையைத் தொடப்போனாள். தொடாமல் சொல்ல வேண்டும் என்றேன். வெளியே இருந்த ஐந்தையும் எண்ணினாள். பிறகு கோப்பையின் மேல் விரலால் தட்டி, "ஆறு, ஏழு, எட்டு" என்று மூன்று தட்டு தட்டினாள். நிமிர்ந்து பார்த்து "மூணு" என்றாள்.

அந்த மூன்று தட்டுகளில் நிறைய நடந்திருக்கிறது. எட்டு என்ற முழுத்தொகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாறாமல் இருக்கிறது என்று அவள் நம்பினாள். தெரிகிற பகுதியிலிருந்து தொடங்கி முழுமைக்கு எண்ணிக்கொண்டே போனாள். எண்ணிய படிகளின் தொகையே மறைந்த பகுதி என்று கண்டாள். அவளை யாரும் கழிக்கச் சொல்லவில்லை. அவள் செய்தது சேர்த்தல்தான். ஆனால் அது 8 − 5. இதே விளையாட்டில் சில நாள் கழித்து ஐந்தைக் கோப்பைக்குள் மறைத்து மூன்றை வெளியே வைத்தபோது, கொஞ்சமும் எண்ணாமல், "அன்னைக்கு உள்ளே இருந்தது இன்னைக்கு வெளியே இருக்கு" என்றாள். 5 + 3 = 8, 3 + 5 = 8, 8 − 5 = 3, 8 − 3 = 5 என்று நான்கு வரிகளாக நோட்டில் எழுதிப் படிக்கவைக்கும் உறவு அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு நான்கு வரிகளை எழுதியபோது அவளுக்கு அவை புதியனவாகத் தோன்றவில்லை.

கழித்தலைக் கூட்டலோடு இப்படி இணைப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. 9 − 2 என்பதற்குப் பின்னோக்கி இரண்டு படி இறங்குவது எளிது. 9 − 7 என்பதற்கு ஏழு படி இறங்குவது சோர்வு தரும். வழியில் எண்ணிக்கை தவறும். ஏழிலிருந்து ஒன்பதுவரை இரண்டு படி ஏறினால் போதும். லாரன் ரெஸ்னிக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் கழித்தல் கணக்குக்கு விடை சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து பார்த்தார்கள். இறங்குவது, ஏறுவது இரண்டில் எதற்குப் படிகள் குறைவோ அந்த வழியைக் குழந்தைகள் தெரிந்தெடுப்பதாகவே அந்த அளவுகள் காட்டின. எல்லாக் கணக்கையும் ஒரே வழியில் போடச் சொல்லி வற்புறுத்துவது, குழந்தை தானே கண்டுபிடிக்கும் இந்தச் சிக்கனத்தைத் தடுப்பதாகும். "எப்படிப் போட்டாய்?" என்று சரியான விடைக்கும் கேட்பது நல்ல பழக்கம், தவறான விடைக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டால், கேள்வி வந்தாலே தவறு என்று குழந்தை முடிவுகட்டிவிடும்.

பத்துக்குள் இந்த உறவுகள் உறுதிப்பட்ட பிறகே இருபது வரை செல்வது நல்லது. அதற்குப் பாலம் பத்தின் இணைகள்: ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும், ஐந்தும் ஐந்தும். இரண்டு கைகளில் பத்து விரல்கள் இருப்பது இதற்கு வாய்ப்பாகவே அமைந்திருக்கிறது. நான்கை மடக்கினால் ஆறு நிற்கிறது. இந்த இணைகள் மனத்தில் இருந்தால் 13 − 8 என்பதைப் பல வழிகளில் அணுகலாம். பதின்மூன்றில் முதலில் மூன்றை எடுத்துப் பத்துக்கு வந்து, எட்டில் மிச்சமிருக்கும் ஐந்தையும் எடுத்தால் ஐந்து. எட்டிலிருந்து பத்துக்கு இரண்டு, பத்திலிருந்து பதின்மூன்றுக்கு மூன்று, ஆக ஐந்து. பத்திலேயே எட்டை எடுத்துவிட்டு, மீந்த இரண்டோடு ஒதுக்கிவைத்த மூன்றைச் சேர்த்தாலும் ஐந்து.

விரல்விட்டு எண்ணுவதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இது சண்டையாகவே ஆகிவிடுகிறது. விரல்களைத் தடை செய்வதால் குழந்தை மனக்கணக்குக்கு மாறுவதில்லை. மேசைக்கடியில் மறைத்து எண்ணப் பழகிக்கொள்கிறது, அல்லது ஊகித்துச் சொல்லத் தொடங்குகிறது. விடைகள் நினைவில் பதியப் பதிய விரல்கள் தாமாகவே ஓய்ந்துவிடும். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை கணக்கு என்று சோதிப்பதும் இந்தக் கட்டத்தில் தீங்கு செய்வதாகவே நான் கருதுகிறேன். அவசரத்தில் குழந்தை உறவை யோசிப்பதை விட்டுவிட்டு, பழைய எண்ணுதலுக்கோ ஊகத்துக்கோதான் திரும்பும்.

சுழியத்துக்குத் தனியாகச் சில நிமிடங்கள் வேண்டும். கழித்தால் குறைய வேண்டும் என்று கற்ற குழந்தைக்கு 6 − 0 = 6 என்பது விதிமீறலாகத் தெரியும்; சிலர் ஐந்து என்று எழுதுவார்கள், சிலர் சுழியம் என்று எழுதுவார்கள். ஒரு எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் சுழியம் என்ற விதியை பிரம்மகுப்தர் 628-இல் எழுதிவைத்தார். ஒன்றுமில்லாமையை ஓர் எண்ணாக நடத்துவதற்கு மனித குலத்துக்கே நெடுங்காலம் பிடித்திருக்கிறது. நாம் இன்று எழுதும் கழித்தல் குறி அச்சில் வந்தது அதற்கும் வெகு காலத்துக்குப் பிறகு, 1489-இல் யோகன்னஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்கு நூலில். அங்கே அது பற்றாக்குறையைக் குறித்தது. இவ்வளவு தாமதமாக வந்த ஒரு குறியைக் குழந்தையின் முன் முதல் நாளே வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஈரிலக்க எண்களுக்கு வரும்போது தடுமாற்றம் வேறு உருவம் எடுக்கிறது. 52 − 38 என்ற கணக்கை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தால், 26 என்ற விடை திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. இது கவனக்குறைவாக இருந்திருந்தால் விடைகள் சிதறியிருக்கும். ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி மாணவர்களின் கழித்தல் விடைகளைக் கணினி கொண்டு அலசி, தவறுகளில் பல ஒழுங்கானவை என்று காட்டினார்கள். குழந்தை ஒரு விதியைத்தான் பின்பற்றுகிறது. அந்த விதிதான் பிழையானது. ஒவ்வொரு வரிசையிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதை எடு என்பது அவ்விதிகளுள் பெரிதும் அறியப்பட்டது.

அந்த விதியைக் குழந்தைக்குக் கொடுத்தவர்கள் யார் என்று யோசித்தால் பதில் நம்மிடமே வருகிறது. "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்" என்று ஒன்றாம் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். குழந்தை அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு, எட்டும் இரண்டும் எதிரெதிரே நின்ற இடத்தில் நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது. பின்னாளில் எதிர்ம எண்கள் வரும்போது இந்த வாக்கியம் இன்னொரு முறை இடறச் செய்யும். "இருப்பது இரண்டு, எட்டை எடுக்க இது போதாது, இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால் கணக்கு திறந்தே இருந்திருக்கும்.

"இரண்டில் எட்டு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்பது தலைமுறைகளாக வரும் வாய்பாடு. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. அதைவிட, ஒன்றைக் கடன் வாங்கினால் அது எப்படிப் பத்தாகிறது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் விடை இல்லை. பத்துக் குச்சிகளை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டி, அப்படி ஐந்து கட்டுகளும் உதிரியாக இரண்டு குச்சிகளும் மேசைமேல் வைத்து, முப்பத்தெட்டைக் கொடு என்று கேளுங்கள். குழந்தை மூன்று கட்டுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எட்டு உதிரிக்குத் தேடும்; இரண்டுதான் இருக்கிறது. சற்று நேரம் கழித்து அதன் கை ஒரு கட்டின் வளையத்துக்குப் போகும். அதை நாம் சொல்லக்கூடாது, காத்திருக்க வேண்டும். வளையம் கழன்றதும் ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டாகவே இருக்கிறது, பிரிந்து கிடக்கும் விதம்தான் மாறியிருக்கிறது என்பதைக் குழந்தை கண்ணால் காண்கிறது. ஐந்தை அடித்து நான்கு என்று எழுதுவதும் இரண்டைப் பன்னிரண்டாக்குவதும் அந்தக் கட்டைப் பிரித்ததற்கான குறிப்புகள்.

இந்த வேறுபாடு வெறும் சொல் சார்ந்த நுட்பம் என்று தோன்றலாம். 1949-இல் வில்லியம் பிரவுனெலும் ஹரால்ட் மோசரும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஒப்பாய்வில், கட்டைப் பிரிக்கும் முறையையும், மேலும் கீழும் பத்தைக் கூட்டிக்கொள்ளும் முறையையும், காரணம் விளக்கியும் விளக்காமலும் கற்பித்துப் பார்த்தார்கள். காரணத்தோடு கட்டைப் பிரிக்கக் கற்ற குழந்தைகள், தமக்குக் கற்பிக்கப்படாத வகைக் கணக்குகளையும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1999-இல், சீன, அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை ஒப்பிட்ட லிப்பிங் மா, இத்தகைய கணக்கைப் பற்றிப் பேசும்போது அமெரிக்க ஆசிரியர்களில் பலர் கடன் வாங்குவதைப் பற்றிப் பேசியதையும், சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் உயர்ந்த இட மதிப்புள்ள ஓர் அலகைப் பிரிப்பதைப் பற்றிப் பேசியதையும் பதிவுசெய்தார்.

மேலும் கீழும் ஒரே அளவைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது என்பதும் அழகான உண்மைதான். இரண்டு குழந்தைகளுக்கு இடையே உள்ள வயது வித்தியாசம் இருவரும் வளர்ந்தாலும் மாறுவதில்லை. அதுபோல் 52 − 38 என்பதை 54 − 40 என்று ஆக்கிவிட்டால் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. கழித்தலை எடுப்பதாக மட்டும் அறிந்த குழந்தைக்கு இது மாயமாகத் தோன்றும், வித்தியாசமாகவும் அறிந்த குழந்தைக்கு இயல்பாக இருக்கும். இதை எட்டு வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வாக்கியக் கணக்குகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'அதிகம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று அடையாளச் சொற்களைக் கற்றுக்கொடுப்பது விரைவான பலன் தருவதுபோல் இருந்து பிறகு ஏமாற்றும். "ஒரு பெட்டியில் ஒன்பது பந்துகள் உள்ளன, அது இன்னொரு பெட்டியில் இருப்பதைவிட நான்கு அதிகம், இன்னொரு பெட்டியில் எத்தனை?" என்ற கணக்கில் 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் பதின்மூன்று என்று எழுதும் குழந்தை கணக்கைப் படிக்கவே இல்லை. ஒரு நீண்ட பட்டையை முழுத்தொகையாக வரைந்து, அதை இரண்டு துண்டாகப் பிரித்து, தெரிந்த எண்களை எழுதி, தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடச் சொன்னால், கூட்டலா கழித்தலா என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

குச்சிகளை எப்போது விலக்குவது என்று பெற்றோர் கேட்பதுண்டு. குழந்தை அவற்றைத் தொடாமலேயே அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது விலக்கலாம். முதலில் 26 என்று எழுதிய ஒரு சிறுவனோடு மூன்று வாரம் குச்சிக்கட்டுகளை வைத்துக் கணக்குப் போட்ட பிறகு, அதே 52 − 38 என்ற கணக்கை ஒரு நாள் குச்சிகள் இல்லாமல் கொடுத்துப் பார்த்தேன். பென்சிலை எடுக்காமல் சற்று நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நாலு கட்டையும் எடுத்துட்டா பன்னெண்டு இருக்கும். ஆனா முப்பத்தெட்டுதானே கேட்டீங்க, ரெண்டு அதிகமா எடுத்துட்டேன். அதைத் திருப்பி வெச்சா பதினாலு" என்றான். அந்த வழியை அவனுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நோட்டைத் திறந்து, ஐந்தை அடித்து நான்கு என்றும், இரண்டுக்குப் பக்கத்தில் சிறியதாக ஒன்றும் எழுதி, எழுத்துமுறையிலும் பதினான்கு வருகிறதா என்று சரிபார்த்துக்கொண்டான்.